மோட்டாரைக் கடைசியில் வாங்குங்கள்

பழைய மிஷினுக்கு சர்வோ மாட்டலாம் என்று ஒரு அச்சகத்திலோ லேத் பட்டறையிலோ பேச்சு எழுந்தால், அடுத்த கேள்வி "எத்தனை வாட், எந்தக் கம்பெனி?" என்பதாகத்தான் இருக்கும். விருதுநகர், சிவகாசிப் பக்கம் இந்த வேலையோடு புழங்கியதில் எனக்குப் பிடிபட்டது, அந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது என்பதுதான். மிஷின் என்ன வேலை செய்கிறது, அதன் ஸ்குரூவும் ஸ்லைடும் எந்த நிலையில் இருக்கின்றன, கரண்டும் எர்த்தும் எப்படி, பழுதானால் யார் வருவார்கள் என்ற விவரங்களை முதலில் ஒரு தாளில் எழுதிவிட்டால், மோட்டாரின் அளவும் கன்ட்ரோலரின் வகையும் தாமாகவே தெரிந்துவிடும். மோட்டாரை முதலில் வாங்கிவிட்டவர், பிறகு மிஷினை அந்த மோட்டாருக்காக வளைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சிவகாசியில் இந்தப் பேச்சு அடிக்கடி எழக் காரணம் உண்டு. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து 1923இல் இங்கே தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் பிறகு பட்டாசுப் பெட்டி, காலண்டர், நோட்டுப் புத்தகம் என்று தன் வழியில் வளர்ந்தது. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் ஓடி முடித்து வந்த செகண்ட் ஹேண்ட் மிஷின்களுக்கு அந்த வளர்ச்சியில் கணிசமான பங்கு உண்டு. அப்படி வந்த மிஷினின் வார்ப்பிரும்பு உடம்பு முப்பது நாற்பது வருஷம் கழித்தும் திடமாக நிற்கும். உள்ளே இருக்கும் கார்டு நிற்காது. கெபாசிட்டர் காய்ந்துபோகும், அதிலிருக்கும் ஐசியை இப்போது யாரும் தயாரிப்பதே இல்லை. 1970களின் மிஷினில் கார்பன் பிரஷ் வைத்த டிசி சர்வோ இருக்கும். 1980களில் ஏசி சர்வோ பரவியது; ஆனால் அந்தக் கால டிரைவுக்கு மாற்று கார்டு தேடுவது இன்று பழைய நாணயம் தேடுவதுபோல. உடம்பு நன்றாக இருந்து மூளை மட்டும் போன மிஷினுக்குப் புது மூளை வைப்பதில் தவறே இல்லை. எந்த மூளை, எவ்வளவு தசை என்பதில்தான் பணம் வீணாகிறது.

இரண்டு மிஷின்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, அச்சகத்துக் கட்டிங் மிஷின். போலார் 115 என்றால் 115 சென்டிமீட்டர் அகலத் தாளை வெட்டும் மிஷின் என்று எல்லோருக்கும் தெரியும். அதில் சர்வோவுக்கு வேலை பேக் கேஜில் மட்டும்தான்: தாள் அடுக்கைப் பின்னாலிருந்து தள்ளி, சொன்ன அளவில் நிற்க வேண்டும். இன்னொன்று, எம்பாஸிங் பிளாக்கும் டையும் போடும் பழைய மில்லிங் மிஷின். இரண்டிலும் ஸ்குரூ தேய்ந்து 0.1 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டிங் மிஷினில் இந்த ஆட்டம் பெரிய விஷயமே இல்லை. கேஜ் எப்போதும் பின்னாலிருந்து முன்னே வந்துதான் நிற்கிறது. ஸ்குரூவின் ஒரே பக்கத்து மறைதான் நட்டைத் தள்ளுகிறது. ஆபரேட்டர் தாளைத் தட்டிக் கேஜோடு சேர்க்கும்போதும் அதே பக்கம்தான் அமுங்குகிறது. அடுத்த வெட்டுக்குக் கேஜ் பின்னே போக வேண்டியிருந்தால், அளவைத் தாண்டிச் சில மில்லிமீட்டர் கூடுதலாகப் போய்விட்டு மறுபடி முன்னே வந்து நிற்கும்படி புரோகிராம் எழுதினால் போதும். மில்லிங் மிஷினில் இதே 0.1 மில்லிமீட்டர் வேலையைக் கெடுத்துவிடும். வட்டம் வெட்டும்போது அச்சு திசை மாறும் நாலு இடத்திலும் வட்டத்தில் படி விழும். கன்ட்ரோலரில் ஆட்டத்தை ஈடுகட்ட ஒரு பாராமீட்டர் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் கட்டர் உலோகத்தைக் கடிக்கும்போது அந்த ஆட்டத்துக்குள் மேஜை தன் இஷ்டத்துக்கு அசைவதை எந்தப் பாராமீட்டரும் பிடித்து நிறுத்தாது. எனவே முதலில் டயல் கேஜை வைத்து ஸ்குரூவின் ஆட்டத்தை அளந்துவிடுங்கள். நடுவில் ஒரு இடம், இரு ஓரத்தில் ஒவ்வொரு இடம் என்று மூன்று இடத்தில் அளப்பது அவசியம். நடுவில்தான் தேய்மானம் அதிகம். நடுவைப் பார்த்து இறுக்கினால் ஓரத்தில் பிடித்துக்கொள்ளும். மில்லிங் மிஷினில் இந்த எண் மோசமாக இருந்தால் முதல் செலவு பால் ஸ்குரூவுக்கு. மோட்டார் கேட்டலாக்கை அதுவரை மூடி வைக்கலாம்.

கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுப்பதும் இதே வழிதான். இரண்டு மூன்று அச்சுகள் ஒன்றோடொன்று கைகோத்து ஒரு வளைவைப் போட வேண்டுமா, இல்லை ஒரே அச்சு ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போய் நின்றால் போதுமா? கட்டிங் மிஷினுக்கு சிஎன்சி கன்ட்ரோலர் வாங்குவது வீண் செலவு மட்டுமில்லை, இடைஞ்சலும்கூட. கட்டிங் ஆபரேட்டருக்கு ஜி-கோடு தெரிய வேண்டிய அவசியம் கிடையாது. அவருக்கு வேண்டியது வெட்டு அளவுகளின் பட்டியல், பெயர் போட்டுச் சேமிக்கும் வசதி, தமிழில் நாலு பொத்தான். ஒரு சிறிய பிஎல்சி, ஒரு தொடுதிரை, பல்ஸ் அவுட்புட் போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மி.மீ. பிட்ச் ஸ்குரூ, மோட்டாருக்கும் ஸ்குரூவுக்கும் நடுவே 2:1 பெல்ட், ஒரு பல்ஸுக்கு 0.01 மி.மீ. என்று வைத்தால் மோட்டாரின் ஒரு சுற்றுக்கு 500 பல்ஸ். 3000 சுற்றில் ஓடினாலும் நொடிக்கு 25,000 பல்ஸ்தான். சாதாரண பிஎல்சியே ஒரு லட்சம் பல்ஸ் வரை கொடுக்கும். மில்லிங்கில் கதை வேறு. 5 மி.மீ. பிட்ச், ஒரு பல்ஸுக்கு 0.001 மி.மீ., நிமிடத்துக்கு 10 மீட்டர் ஓட்டம் என்றால் நொடிக்கு 1,66,000 பல்ஸுக்கு மேல் வேண்டும். கம்ப்யூட்டரின் பழைய பிரின்டர் போர்ட்டை நம்பி ஓடும் மென்பொருளால் இது ஆகாது. ஓபன் கலெக்டர் வயரிங்கும் பெரும்பாலும் இரண்டு லட்சத்திலேயே முடிந்துவிடும். லைன் டிரைவர் என்கிற இரட்டை வயர் முறையோ, ஈதர்கேட் போன்ற பஸ்ஸோதான் சரி. லினக்ஸ் சிஎன்சி போன்ற இலவச மென்பொருள் மட்டமானது என்று நான் சொல்லவில்லை. அதன் வேர் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனத்தில் இருக்கிறது. தக்க கார்டு போட்டால் தொழிற்சாலை மிஷினையே ஓட்டும். கேள்வி, அதை அமைத்தவர் ஊரை விட்டுப் போனபின் பட்டறையில் அதைத் திறந்து பார்க்க யார் இருக்கிறார்கள் என்பதுதான்.

இப்போது மோட்டார். மேலே சொன்ன கேஜையே எடுத்துக்கொள்வோம். கேஜும் தாள் அடுக்கும் சேர்ந்து 120 கிலோ. ஸ்குரூ 32 மி.மீ. விட்டம், 1.2 மீட்டர் நீளம், எடை ஏழரைக் கிலோ. 750 வாட் மோட்டாரின் வழக்கமான திருப்பு விசை 2.39 நியூட்டன் மீட்டர். 10 மி.மீ. பிட்ச்சில் நேரடியாக மாட்டினால் அது கொடுக்கும் தள்ளு பலம் 135 கிலோவுக்குக் கிட்டத்தட்ட. 60 கிலோ தாள் அடுக்கை மேஜை மேல் நகர்த்த இருபது கிலோ தள்ளு போதும். அப்படியானால் 750 வாட்டே தாராளம் என்று தோன்றும். பலத்தில் தாராளம்தான், இனெர்ஷியாவில் பொருத்தமில்லை. மோட்டார் தண்டில் நின்று பார்த்தால் 120 கிலோ சுமையின் இனெர்ஷியா 3 கிலோ-சதுர செ.மீ. மட்டுமே. ஏழரைக் கிலோ ஸ்குரூவினுடையதோ 9.7! நாம் பயப்படும் தாள் அடுக்கைவிட நாம் கண்டுகொள்ளாத ஸ்குரூ மூன்று மடங்கு பாரம். இரண்டும் சேர்ந்து 12.7. அந்த மோட்டாரின் ரோட்டர் இனெர்ஷியாவோ பல கம்பெனிகளில் ஒன்றரைக்குள் இருக்கும். எட்டு மடங்குக்கு மேல் பாரமான சுமையைச் சின்ன ரோட்டர் பிடித்து நிறுத்தப் பார்க்கும்போதுதான் கேஜ் நின்ற இடத்தில் நடுங்குவதும், டிரைவ் ஊளையிடுவதும், ட்யூனிங் செய்ய வந்தவர் கெயினைக் குறைத்துக் குறைத்து மிஷினை மந்தமாக்குவதும் நடக்கிறது.

இதற்கு இரண்டு வழி. 130 மி.மீ. ஃபிரேமில் வரும் 1 கிலோவாட், 2000 சுற்று மோட்டாரின் ரோட்டர் இனெர்ஷியா 8 அளவில் இருக்கும். அதைப் போட்டால் விகிதம் ஒன்றரைக்கு இறங்கிவிடும். வாட்டில் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, இனெர்ஷியாவில் பல மடங்கு. வாட்டை மட்டும் பார்த்து வாங்குகிறவர் கண்ணில் இந்த வித்தியாசம் படவே படாது. இன்னொரு வழி, 750 வாட்டையே வைத்துக்கொண்டு 2:1 டைமிங் பெல்ட் போடுவது. இனெர்ஷியா விகிதத்தின் வர்க்கத்தில் குறையும் என்பதால் 12.7 என்பது 3.2 ஆகிவிடும். வேகம் பாதியாகும், நொடிக்கு 250 மி.மீ. வேகம் கேஜுக்குப் போதும். கூடவே ஒரு லாபம்: இந்த நீளமும் விட்டமும் உள்ள ஸ்குரூவை 3000 சுற்றில் ஓட்டினால் அது நடுவில் வில்லாக வளைந்து விசிறத் தொடங்கும் எல்லைக்கே போய்விடும். பெல்ட் போட்டால் 1500 சுற்றோடு நிற்கும். அச்சகத்துக் கேஜுக்கு நான் பெல்ட் கட்சி. மில்லிங்குக்கு நேரடிக் கப்ளிங் கட்சி, ஏனென்றால் பெல்ட்டின் நெகிழ்வு அங்கே வெட்டின் பரப்பில் தெரியும். மில்லிங்கில் மேலும் கீழும் போகும் அச்சுக்கு மட்டும் பிரேக் வைத்த மோட்டார் கட்டாயம். பழைய சதுர மறை ஸ்குரூ கரண்ட் போனாலும் தானாக நிற்கும். பால் ஸ்குரூ நிற்காது. ஹெட் இறங்கி டூலையும் வேலையையும் நசுக்கிவிடும்.

"எதற்கு வம்பு, பெரிய மோட்டாராகப் போட்டுவிட்டால் பாதுகாப்புதானே?" என்று கேட்கலாம். மோட்டார் மட்டும் என்றால் அப்படியே இருக்கலாம்தான். ஆனால் பெரிய மோட்டாருக்குப் பெரிய டிரைவ், பெரிய டிரான்ஸ்ஃபார்மர், தடித்த கேபிள். அதைவிட முக்கியம், கேஜ் எங்காவது முட்டினால் பெரிய மோட்டார் நிற்காது, எதையாவது முறித்துவிட்டுத்தான் நிற்கும். கட்டிங் மிஷினில் அந்தக் கூடுதல் பலத்தைப் பயன்படுத்தவும் முடியாது. காற்று மேஜை மேல் மிதக்கும் தாள் அடுக்கைத் தள்ளிக்கொண்டு போன கேஜ் சடாரென்று நின்றால், அடுக்கு கேஜை விட்டு விலகி முன்னே ஓடிவிடும். அதாவது அந்த மிஷினில் வேகத்தை நிர்ணயிப்பது தாள்தான். நிறுத்தத்தை மெல்லத் தொடங்கி மெல்ல முடிக்கும் எஸ்-கர்வ் வசதி கன்ட்ரோலரில் இருக்கிறதா என்று கேளுங்கள்; ஒரு குதிரைசக்தி கூடுதலைவிட அது உதவும். என்கோடர் பிட் கணக்கும் இதே மயக்கம்தான். 17 பிட் என்றால் ஒரு சுற்றுக்கு 1,31,072 எண்ணிக்கை. நம் கேஜில் அது ஒரு மில்லிமீட்டரை இருபத்தாறாயிரம் துண்டாகப் பார்க்கும். 0.1 மில்லிமீட்டர் ஆடும் ஸ்குரூவுக்கு அந்தப் பார்வையால் என்ன பயன்? நடுக்கமில்லாமல் மெதுவாக ஓட உதவும் என்பது உண்மை. துல்லியம் கூடாது. குளோஸ்டு லூப் ஸ்டெப்பர் விலை குறைவு என்பதும் நியாயமான வாதமே. மெதுவாக நகரும் லேசான அச்சுக்கு, உதாரணமாக லேபிள் ஒட்டும் மிஷினின் வழிகாட்டிக்கு, நானும் அதையே சொல்வேன். 1000 சுற்றுக்கு மேல் அதன் பலம் கரைந்துவிடும் என்பதால் கேஜுக்கும் மில்லிங்குக்கும் வேண்டாம்.

கேட்டலாக்கில் வராத பகுதி, நம் ஊரின் கரண்டும் மண்ணும் தூசியும். கடையில் கைக்கெட்டும் சிறிய சர்வோ டிரைவுகள் பெரும்பாலும் 220 வோல்ட் வகை. பட்டறைக்கு வருவது 415 வோல்ட் மூன்று ஃபேஸ். ஒரு ஃபேஸையும் நியூட்ரலையும் எடுத்து 230 கொடுத்துவிடலாம் என்பது சுலப வழி. எங்கோ ஒரு ஜாயிண்டில் நியூட்ரல் விட்டுப்போகிற நாளில் டிரைவுக்குப் போவது 230 ஆக இருக்காது, டிரைவும் இருக்காது. இரண்டு ஃபேஸுக்கு நடுவே ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 220 எடுத்தால் நியூட்ரலை நம்பவே வேண்டாம். எர்த்தும் அப்படித்தான். சாத்தூர், சிவகாசி வட்டாரத்துக் கரிசல் மண் மழைக்காலத்தில் அருமையாக எர்த் பிடிக்கும். சித்திரை, வைகாசியில் வெடித்துப் பிளந்து எர்த் கம்பியை விட்டே விலகி நிற்கும். ஜனவரியில் ஒழுங்காக ஓடிய மிஷின் மே மாதம் காரணமில்லாமல் என்கோடர் அலாரம் அடித்தால், டிரைவைக் கழற்றும் முன் எர்த் குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். குணமானால் குழியை மறுபடி போடுங்கள். தண்ணீர் ஊற்றுவதையே வைத்தியமாக வைத்துக்கொள்ள வேண்டாம். என்கோடர் கேபிளை மெயின் மோட்டாரின் இன்வெர்ட்டர் கேபிளோடு ஒரே பைப்பில் இழுக்காதீர்கள். பேனலுக்குள் ஃபேன் வைத்து வெளிக்காற்றை இழுத்தால், ஆஃப்செட் மிஷினின் ஸ்ப்ரே பவுடரும் தாள் தூசியும் மாவுபோல டிரைவின் ஹீட்சிங்க்கில் அப்பிக்கொள்ளும். ஃபில்டர் வைத்து, வாரம் ஒருமுறை தட்டுங்கள். தகரக் கொட்டகை வெயிலில் பேனலுக்குள் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் கெபாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையின் பொதுக் கணக்கு.

வயரிங்கில் இரண்டு விஷயத்தில் சமரசமே கூடாது. பல்ஸ் கொடுக்கும் கன்ட்ரோலருக்கு, மோட்டார் உண்மையில் நகர்ந்ததா என்று தெரியாது; அது டிரைவுக்கு மட்டுமே தெரியும். சர்வோ போட்டாயிற்று, எல்லாம் குளோஸ்டு லூப் என்று நினைத்து டிரைவின் அலாரம் அவுட்புட்டைக் கன்ட்ரோலரோடு இணைக்காமல் விட்டால், ஒரு அச்சு செத்துக் கிடக்க மற்ற அச்சுகள் வேலையை வெட்டிக்கொண்டே போகும். இரண்டாவது, பிளேடு. கட்டிங் மிஷினின் இரு கை பொத்தான், ஒளித்திரை, கிளட்ச் பூட்டு ஆகியவற்றைப் புது பிஎல்சி வழியாகத் திருப்பிவிடும் யோசனையை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். பிஎல்சியில் ஒரு அவுட்புட் ஒட்டிக்கொண்டால் கேஜ் தவறான அளவில் நிற்கும், தாள் வீணாகும். அதே பிழை பிளேடுப் பக்கம் நடந்தால் போவது கை. பழைய பாதுகாப்புச் சுற்று தனி வயரிலேயே இருக்கட்டும். "கேஜ் நின்றுவிட்டது" என்ற ஒரு சிக்னலை மட்டும் அதற்குக் கொடுங்கள்.

இதற்குப் பிறகுதான் கம்பெனிப் பெயர். சிவகாசியிலிருந்து மதுரை எழுபது கிலோமீட்டர் சொச்சம். கோயம்புத்தூர் ஒரு ராத்திரிப் பயணம். நீங்கள் வாங்கும் அதே ஃபிரேம் மோட்டாரும் அதே டிரைவும் இந்த இரண்டு ஊரில் ஒன்றிலாவது ஸ்டாக்கில் இருக்கிறதா என்பதுதான் கம்பெனியை முடிவு செய்ய வேண்டும். ஜப்பான், தைவான், சீனா என்ற தர வரிசை எனக்கு அதற்கப்புறம்தான். ஆன்லைனில் வரும் மலிவு செட்டில் இரண்டு வாங்கி ஒன்றை ஸ்பேராக வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். ஒரு அச்சு உள்ள மிஷினுக்கு அது மோசமான யோசனை இல்லை. ஆனால் ஸ்பேர் வைத்திருப்பதும் அதில் பாராமீட்டர் ஏற்றத் தெரிந்திருப்பதும் வேறு வேறு. பாராமீட்டர் பட்டியலைத் தாளில் அச்சடித்து பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள்; அச்சுத் தொழில் ஊரில் இதற்குக்கூடவா பஞ்சம்? "ஒரிஜினல் கம்பெனியே போடுவோம்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஃபானுக் போன்றவற்றின் மோட்டார், டிரைவ், கன்ட்ரோல் மூன்றும் பெரும்பாலும் ஒரே குடும்பம், தங்களுக்குள் மட்டுமே பேசிக்கொள்ளும். பழைய மோட்டாரை வைத்துக்கொண்டு கன்ட்ரோலை மட்டும் வேறு கம்பெனியில் வாங்கும் கணக்கு அங்கே அநேகமாகச் செல்லாது. பிளஸ் மைனஸ் 10 வோல்ட் அனலாக்கில் ஓடும் பழைய டிரைவ் இருந்தால் மட்டும் அதைக் காப்பாற்றுவது பற்றி யோசிக்கலாம்.

பட்டாசு ஆலைக்காரர்களும் இதைப் படிக்கக்கூடும். அட்டைப் பெட்டி வெட்டும் மிஷின், தாள் குழாய் சுற்றும் மிஷின் ஆகியவை மருந்துக் கொட்டகையிலிருந்து விலகி, தனிக் கட்டடத்தில் இருக்கும்வரை மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். மருந்து கலக்கும், நிரப்பும், உலர்த்தும் இடங்களில் இதில் ஒரு வரியும் செல்லாது. சாதாரண சர்வோ மோட்டாரும் டிரைவும் சூட்டையும் பொறியையும் நிலை மின்சாரத்தையும் மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. மோட்டார் மேல் ஐபி 65 என்று போட்டிருப்பது தூசிக்கும் தண்ணீருக்கும்தான், வெடிமருந்துக்கு அல்ல. அங்கே எந்த மிஷினை மாற்றுவதானாலும் முதலில் போக வேண்டிய இடம், பெசோ எனப்படும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் சிவகாசி அலுவலகம்.

வேலையை எப்போது தொடங்குவது என்பதையும் மிஷின் ஓடும் தொழில்தான் சொல்லும். ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியானால் டிசம்பர் வரை கட்டிங் மிஷினுக்கு ஓய்வில்லை. கோடை நோட்டுப் புத்தகத்துக்கு. நடுவே கிடைப்பது பொங்கலை ஒட்டிய சில வாரங்கள். ஸ்குரூவை அளப்பது, எர்த் பார்ப்பது, பேனல் அடிப்பது எல்லாவற்றையும் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே முடித்து, மோட்டார் மாட்டுவதை மட்டும் அந்த வாரங்களுக்கு வையுங்கள். அந்த இடைவெளி தவறிப்போனால் பழைய கார்டுக்கே இன்னொரு முறை சால்டர் வைத்து ஓட்டுங்கள். சீசன் நடுவில் மிஷினைத் திறக்காதீர்கள்.